இடது பக்கத்துக் கதிரை

எனக்கு வந்தது பக்கவாதம் என்று சொன்னால் ஆட்கள் முதலில் என் கையைப் பார்க்கிறார்கள், பிறகு காலைப் பார்க்கிறார்கள், கடைசியில் வாயைப் பார்க்கிறார்கள். மூன்றும் நேராக இருப்பதைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வருகிறது. "அப்ப பெரிசா ஒண்டும் இல்லையே" என்பார்கள். பெரிதாகத்தான் வந்தது. வந்த இடம் வெளியே தெரிகிற இடமல்ல, அவ்வளவுதான். ஒருதரம் ஒழுங்காக எழுதிவிட்டால் வெள்ளவத்தைக் காலி வீதியில் மறித்துக் கேட்பவர்களுக்கெல்லாம் நின்று விளக்கும் வேலை மிச்சம் என்று மகள் மெலனி சொன்னாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, வந்த வருத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அந்த நாட்களில் யார் என் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இருக்கிறது.

நான் வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக்கடையில் முப்பத்தொரு வருஷமாகக் கண் பரிசோதிக்கிறவன். டாக்டர் இல்லை. வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் உள்ள எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, எத்தனை பவர் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவன். இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகக் கண் காட்ட வருகிறவர்கள், வாங்கில் காத்திருக்கும்போதே முன்னால் போனவர் வாசிப்பதைக் கேட்டு எழுத்துகளைப் பாடமாக்கிவிடுவார்கள். தங்கள் முறை வந்ததும் மளமளவென்று ஒப்புவிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் ஏமாற்றவில்லை என்பதுதான் விசேஷம். பாடமானது கண்ணில் தெரிவதாகவே அவர்களுக்கு இருக்கும். ஆகவே, ஒருவர் "தெரியுது" என்று சொல்வதை நான் இலேசில் நம்புவதில்லை. பலகையில் இருப்பது இருக்கிறது, உனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது. என்னிடம் இருந்த முழுத் தத்துவமும் அதுதான்.

அன்று காலை பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தா. நாலாவது வரியை ஆறு எழுத்தாக வாசித்தா. என் கண்ணுக்கு அந்த வரியில் மூன்று எழுத்துத்தான் இருந்தது. பாடமாக்கி வந்து ஒப்புவிக்க வேண்டாம் டீச்சர், தெரிவதை மட்டும் வாசியுங்கோ என்றேன். அவ மறுபடியும் ஆறு வாசித்தா. நான் சிரித்தேன், அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. அவவுக்குக் கோபம் வந்து எழும்பிப் போய்ப் பலகையில் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினா. மூன்று எழுத்து வரைக்கும் விரலைக் கண்டேன். பிறகு விரலும் இல்லை, கையும் இல்லை, டீச்சரிலேயே பாதி இல்லை. பயந்துபோய் எழும்பி நடந்தேன். கதவு நிலையில் இடது தோள் மோதியது. முதலாளி என்னை ஒரு த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் என்பது முழுக்கக் காத்திருப்புத்தான். தள்ளுவண்டியில் நடைபாதையோரம் படுத்திருந்தேன். மெலனி வேலைக்குப் போட்ட சேலையோடு ஓடி வந்து, ஒரு கட்டு கடதாசியைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராகச் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் என் வலது பக்கம் வரும்போது மகள் இருந்தாள், இடது பக்கம் போனால் குரல் மட்டும் இருந்தது. என் இடது கையும் பிறத்தியாருடைய கைபோல மரத்துக் கிடந்தது. தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் போகும்போது எனக்கிருந்த பயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. மீதிப் பாதியும் போய்விட்டால் என்ன செய்வது என்பதே பயம். கண் போன கண்ணாடிக்காரனை யார் வைத்திருப்பார்கள்.

வார்டுக்குப் பொறுப்பானவ ஒரு சிங்கள டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். பாதி ஆங்கிலத்திலும் கால்வாசித் தமிழிலும் எனக்கு விளக்கினா. கண் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கண் அனுப்பும் படத்தை வாங்கிப் பார்க்கிற இடம் மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வலது பக்கம் ஒரு இரத்தக் குழாயை ஒரு சிறு இரத்தக் கட்டி அடைத்துவிட்டது. மூளையின் வலது பக்கம்தான் உலகத்தின் இடது பாதியைப் பார்க்கிறது. ஆகவே இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது. கொஞ்சம் திரும்பி வரலாம், முழுக்க வராது.

இடது பக்கம் இருட்டாக இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருட்டு இல்லை. இருட்டென்றால் அதையாவது பார்க்கலாம். இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது? அதுதான் எனக்கு இடது பக்கம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இடது பக்கத்தில் ரஞ்சி வந்து உட்கார்ந்தாள்.

ரஞ்சி என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள், ஐந்தாம் நாள் இல்லாமல் போனாள். அவளை நீலப் பூப்போட்ட ஹவுஸ்கோட்டோடு கண்டேன். தோய்ந்த தலையைச் சுற்றித் துவாய். சனிக்கிழமைகளில் தலைமுழுகிவிட்டு, கேத்தில் கொதிக்கும்வரை ஸ்டூலில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்ப்பாளே, அந்த இருப்பு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. கழுத்தில் துவாயிலிருந்து இறங்கிய ஒரு துளித் தண்ணீர் கூடத் தெரிந்தது.

நான் கத்தவில்லை. பயப்படவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் தொழில் தொழில்தானே. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். எனக்கு நல்ல பவர், கழற்றினால் வார்டு முழுவதும் கஞ்சித் தண்ணீருக்குள் போய்விடும். கட்டில்கள் மங்கின, மின்விசிறி மங்கியது, என் விரலே மங்கியது. ரஞ்சி மங்கவில்லை. வெளியே இருக்கிற எந்தப் பொருளும் கண்ணாடியைக் கழற்றினால் மங்க வேண்டும். மங்காதது வெளியே இல்லை. இதைச் சொல்ல எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

டாக்டரும் அதையே சொன்னா. படம் வராமல் சும்மா கிடக்கிற மூளைப் பகுதி, சும்மா கிடக்க முடியாமல் தானே படம் போடுமாம். பைத்தியம் இல்லை, பயப்படவும் வேண்டாம், பெரும்பாலும் கொஞ்ச நாளில் தானே நின்றுவிடும் என்றா. வழக்கமாக முன்பின் தெரியாத ஆட்கள்தான் வருவார்களாம், எனக்குத் தெரிந்தவ வந்தது என் அதிர்ஷ்டம் என்று சிரித்தா. தொல்லையாக இருந்தால் நிறுத்த ஒரு மாத்திரை தரலாம் என்றா. தொல்லை இல்லை என்றேன். பிறகு அவ சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும், அதுதான் இனி வைத்தியம் என்றா.

திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு ஏற்கனவே தெரியும். அவள் வந்த முதல் நாளே திருப்பிப் பார்த்திருந்தேன். நான் திரும்பத் திரும்ப ரஞ்சியும் தள்ளிப் போனாள். அவள் இருந்த இடத்தில் ஒரு வெறும் மரக் கதிரையும் சுவரும் வந்தன, அவள் அதற்கும் அப்பால் இடது பக்கம் போய் மறைந்தாள். மறுபடி நேரே பார்த்துச் சத்தமில்லாமல் காத்திருந்த பிறகுதான் வந்தாள். அன்றிலிருந்து நான் கழுத்தைத் திருப்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பிள்ளையிடம் கழுத்து நோவு என்று பொய் சொன்னேன். மிஸ்ஸி, வார்டுத் தாதி, ஏசினா. ஏசட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் ஒருதரம் என் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். மூன்று வருஷம் பார்க்காத முகத்தை முழுதாக ஒருதரம் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் கண் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றே நினைத்தேன்.

பிறகு வந்தது தட்டு.

பாதிப் பார்வை போனவன் சாப்பிடுகிற விதம் வேடிக்கையானது. தட்டின் வலது பாதியில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சோறு முடிந்தது என்று கையை எடுத்துவிடுவான். ஐந்தாம் நாள் மத்தியானம் நானும் அப்படித்தான் கையை எடுத்தேன். எடுத்த கை எடுத்தபடி இருக்க, வெறும் தட்டில் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும் மெதுவாக வந்தன. யாரோ தட்டைத் திருப்பியிருந்தார்கள். வலது பக்கம் பார்த்தேன், பக்கத்துக் கட்டில் ஹாஜியார் தன் பாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டெண்டன் தூரத்தில் நின்றான். இடது பக்கத்தில் ரஞ்சி மட்டும் இருந்தாள்.

சாப்பிட்டு முடிந்த பிறகு மரத்த இடது கையில் ஒரு சூடு வந்தது. மரத்த கைக்கு விரல் தெரியாது, தோல் தெரியாது. ஒரு கனமும் ஒரு இளஞ்சூடும் மட்டும் தெரியும். ஒரு மணி அடித்துப் பார்வையாளர் நேரம் முடியும்வரை அது இருந்தது.

அன்று பின்னேரம் முழுவதும் நான் வேறு ஆளாக இருந்தேன். மூளை போடுகிற படம் தட்டைத் திருப்பாது. படத்துக்குச் சூடு இல்லை. அப்படியென்றால்? முப்பத்தொரு வருஷமாக நான் சொல்லிவந்த பேச்சே என் பக்கம் திரும்பி நின்றது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இருப்பது இருக்கும். தட்டு திரும்பியது எனக்குத் தெரியாத பக்கத்தில்தான், ஆனால் திரும்பியது. ஆகவே அங்கே யாரோ இருக்கிறார்கள். அங்கே இருப்பவளை நான் காண்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை, ஆசை போதுமாக இருந்தது.

அடுத்த நாளும் மத்தியானம் தட்டு திரும்பியது. டாக்டரிடம் கேட்டேன், எல்லாம் என் தலைக்குள் என்றால் என் தட்டை யார் திருப்புகிறார்கள் என்று. அவ காலையில் மட்டும் வார்டைச் சுற்றுகிறவ. நீங்களே திருப்பிவிட்டு மறந்திருப்பீர்கள் என்று மாத்திரை விஷயத்தை மறுபடி எடுத்தா. இப்போது ஆள் தெரிவதில்லை என்று கூசாமல் சொன்னேன். பலகையைப் பாடமாக்கி வந்தவர்களை எத்தனைதரம் பிடித்திருக்கிறேன். எந்தப் பதில் சொன்னால் கேட்கிறவர் திருப்திப்பட்டுப் பேனையைக் கீழே வைப்பார் என்று எனக்குத் தெரியாதா.

மத்தியானங்களில் நான் ரஞ்சியோடு கதைக்கத் தொடங்கினேன். மெதுவாகத்தான், பார்வையாளர் நேரத்து இரைச்சலில் யாருக்கும் கேட்காது. மெலனி இரவில் பாண் மட்டும் சாப்பிடுவதைச் சொன்னேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுவதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்தபடியே இருந்தாள், ஆனால் கையில் சூடு இருந்தது. எட்டாம் நாள் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன்.

ஜெசிந்தா என் ஒரே தங்கை. கொட்டாஞ்சேனையில் எங்கள் அப்பாவின் வீட்டிலேயே இருக்கிறாள், பூசை தவறவிடாதவள். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், ரஞ்சி வெள்ளவத்தைச் சைவக்காரி. கலியாணத்தின்போது ஜெசிந்தா மூன்று நாள் அழுதாள், பிறகு மச்சாளோடு ஒட்டிக்கொண்டாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். ரஞ்சி செத்தபோது அவள் விரும்பியிருப்பாள் என்று ஐயரைக் கூப்பிட்டுச் சைவமுறைப்படியே எல்லாம் செய்வித்தேன். அந்தச் செத்தவீட்டுக்கு ஜெசிந்தா வரவில்லை. சைவக் கிரியை என்றபடியால்தான் வரவில்லை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குச் செத்தவீடு ஒரு கோடு. கலியாணத்துக்கு வராதவனை மன்னிக்கலாம், செத்தவீட்டுக்கு வராதவனை மன்னிக்க முடியாது. அவள் பேச்சே இனி இந்த வீட்டில் எடுக்கப்படாது என்று மெலனியிடம் சொல்லிவிட்டேன். மெலனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கையைக் காட்டி நிறுத்தினேன். மூன்று வருஷமாக அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் ரஞ்சியிடம் சொன்னேன். "உனக்காகத்தான் அவளை விட்டனான். செத்தவீட்டுக்கு வராதவள் எனக்கென்ன தங்கச்சி. நான் செய்தது சரிதானே?" என்றேன்.

கையில் இருந்த கனம் எடுபட்டது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ரஞ்சி வந்தாள். அதே ஹவுஸ்கோட், அதே துவாய், அதே துளித் தண்ணீர். சோறும் வந்தது. பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துக் காத்திருந்தேன். தட்டு திரும்பவில்லை. ரஞ்சி இருந்தாள், தட்டு அப்படியே இருந்தது. இடது கையை மெத்தையில் விரித்து வைத்தேன். அதிலும் ஒன்றும் வரவில்லை. அவளுக்குக் கோபமா என்று கேட்டேன். நான் ஏதாவது பிழையாகச் சொன்னேனா என்று கேட்டேன். அப்போது குரலைக் குறைக்க மறந்திருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில் ஹாஜியார் மாளிகாவத்தைக்காரர், பெயின்ற் கடை வைத்திருந்தவர். எட்டு நாளாக என் வலது பக்கத்தில் அவர்தான் என் முழு உலகமும். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தொரே, தங்கச்சி இண்டைக்கு வரல்லையா?" என்றார்.

எந்தத் தங்கச்சி என்று கேட்டேன்.

"ஒங்கட தங்கச்சி. அந்தக் கதிரையில டெய்லி பகலைக்கு வந்து இரிக்கிறவங்க. தட்டு திருப்பித் தாறவங்க. கொட்டாஞ்சேனயில இரிந்து ரெண்டு பஸ் மாறி வாறன் எண்டாங்க. நீங்கதான் மொகத்தயும் பாக்காம என்னமோ பேசிட்டே இரிக்கிறீங்க. நேத்து அழுதுட்டுப் போனாங்க."

அவர் அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடர்ந்தார். ரஞ்சி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். அவள் மங்கவில்லை. நான் முதல் நாளே அறிந்த விஷயம்தான், ஆனால் அன்று அதை அறிந்தபோது அவள் மறுபடி ஒருதரம் செத்ததுபோல் இருந்தது. மிஸ்ஸி வந்து மருந்து தந்தபோது முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டேன்.

பின்னேரம் மெலனி வந்ததும் கேட்டேன். அவள் திகைத்தாள். எனக்குத் தெரியாது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் நாளே ஜெசிந்தா மாமிக்குச் சொன்னது தான்தான் என்றாள். நோயாளியின் இடது பக்கம் இருந்து கதையுங்கள், அப்போதுதான் திரும்பிப் பார்க்கப் பழகுவார் என்று மிஸ்ஸி சொல்லிக் கதிரையை அந்தப் பக்கம் போட்டாவாம். மெலனி வேலையால் மத்தியானம் வர முடியாதபடியால் மாமி வந்தாவாம், வாய் திறந்தால் நான் ஏசுவேன் என்று கதைக்காமலே இருந்தாவாம். "நீங்கள் ஏசாமல் இருக்கிறதே பெரிய காரியம் எண்டு நினைச்சன் அப்பா. நான் கதையைக் கிளறி, நீங்கள் பழையபடி தொடங்கினா எண்டு வாயே திறக்கேல்லை" என்றாள்.

செத்தவீட்டுக்கு வராதவள் இப்போது எதற்கு வருகிறாள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். உண்மையில் என் கோபம் அவள் ரஞ்சியாக இல்லாமல் போனதில்.

மெலனி போகப் பையை எடுத்தாள். "அதை மாமியிட்டையே கேளுங்கோ" என்றாள்.

பத்தாம் நாள் மத்தியானம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. முன்பும் கேட்டிருக்கும், வார்டில் ஆயிரம் கதிரை இழுபடும். ரஞ்சி ஏற்கனவே அங்கே இருந்தாள். ஒரே கதிரையில் ஒருத்தி எனக்குத் தெரிந்தபடி, ஒருத்தி தெரியாதபடி. நான் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு "ஜெசிந்தா" என்றேன்.

"ஓம் அண்ணா" என்றது குரல்.

திரும்ப வேண்டும். திரும்பினால் ரஞ்சி போய்விடுவாள். கொஞ்ச நாளாகவே அவள் வரும் நேரம் குறைந்து வந்தது, அன்று துவாயின் நிறம் கூட வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னபடி மூளை பழகிக்கொண்டு வருகிறது. இனி எத்தனைதரம் வருவாள் என்று யாருக்குத் தெரியும். இப்போதாவது திரும்பிப் பார் ரஞ்சி, பிறகு நான் திரும்புகிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு நிமிஷம் பொறுத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தேன். அவள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. படத்துக்கு மூக்கு உறிஞ்சத் தெரியாது. தலையைத் திருப்பினேன்.

ரஞ்சி விலகிப் போனாள், ஹவுஸ்கோட்டின் நீலம் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் இல்லை. கதிரையில் ஜெசிந்தா இருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. மடியில் குடையும், பஸ் நெரிசலில் கசங்கிய ஒரு பையும். கண்ணாடியைக் கழற்றினேன். மங்கினாள். மறுபடி போட்டேன்.

ஏன் செத்தவீட்டுக்கு வரவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"வந்தனான்" என்றாள்.

"எங்க வந்தனீ? நான் காணேல்லையே."

"மச்சாளை வைச்சிருந்த மலர்ச்சாலைக்கு வந்தனான். ஐயர் கூப்பிடேக்க சனத்தோட வரிசையில வந்து மச்சாளுக்கு வாய்க்கரிசியும் போட்டனான். நீங்கள் தலைமாட்டில நிண்டனீங்கள். நான் கிட்ட வர, நீங்கள்தான் தள்ளி நிண்டு எனக்கு இடம் விட்டனீங்கள்." குடையை மடியில் திருப்பி வைத்து, "என்ர முகத்தைப் பாத்தும் ஒண்டும் கதைக்கேல்லை. வேதக்காரி வந்து கை வைச்சது பிடிக்கேல்லையாக்கும் எண்டு போயிட்டன்" என்றாள்.

கொட்டாஞ்சேனையில் ஜெபமாலை சொல்லும் ஜெசிந்தா, ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல வாய்க்கரிசி போட்டிருக்கிறாள். நான் நேரே பார்த்துக்கொண்டு நின்று, இடமும் விட்டுவிட்டு, அவள் வரவில்லை என்று மூன்று வருஷம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்றைக்கு என் மூளையில் எந்தக் குழாயும் அடைபட்டிருக்கவில்லை. கண் இரண்டும் நன்றாக இருந்தன, பவர் சரியான கண்ணாடியும் போட்டிருந்தேன்.

மன்னிப்பு என்று ஒன்றும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சோறு வந்தது. என் பாதியை நான் சாப்பிட்டேன், அவள் தட்டைத் திருப்பினாள், இந்தமுறை அவள் விரலைக் கண்டேன்.

ரஞ்சி மறுநாள் கொஞ்ச நேரம் வந்தாள், பிறகு வரவில்லை. நான் இப்போது வீட்டில் இருக்கிறேன். இடது பக்கத்தின் கீழ்ப்பாதி கொஞ்சம் திரும்பியிருக்கிறது, தெரு கடக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கடைக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறேன். டாக்டர் என்னை நல்ல நோயாளி என்கிறா. அவவுக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். சில பின்னேரங்களில் யன்னலடியில் இருந்து, தலையை அசைக்காமல், நேரே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லாதவளுக்காகத்தானே ஏங்கலாம், இருக்கிறவர்களைப் போய்ப் பார்க்கப் பஸ் இருக்கிறது. அந்தப் பத்துப் பதினொரு நாளும் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. பக்கவாதத்தோடு சேர்த்துத் தந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ஜெசிந்தா வருகிறாள். போன ஞாயிறு மெலனி குளிக்கப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரியில் கேட்க முடியாத ஒன்றைக் கேட்டேன். செத்தவீட்டில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அது இப்போது தெளிவு. தலைமாட்டில் நின்றும் ரஞ்சியின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. என்ன சேலை என்று கூட ஞாபகம் இல்லை.

"அண்டைக்கு அவவின்ர முகம் எப்பிடி இருந்தது?" என்றேன்.

ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மலர்ச்சாலைக்காரர் பவுடரை அப்பிப்போட்டாங்கள் அண்ணா. ஆரோ பிறத்தி மனுசி மாதிரி இருந்தா. எனக்குப் பொறுக்கேல்லை. வாய்க்கரிசி போட்டுட்டு என்ர லேஞ்சியால இடது கன்னத்தைத் துடைச்சுவிட்டன். அந்தக் கறுத்த மறு தெரிஞ்சுது. பிறகு மச்சாள்தான்."

ரஞ்சிக்கு இடது கன்னத்தில் மறு. ஆஸ்பத்திரியில் வந்த நாள் முழுக்க அவள் எனக்குக் காட்டாத கன்னம் அது. நான் ஜெசிந்தா இருந்த பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பிறகு என்ன கண்டாய், ஒன்றும் விடாமல் சொல்லு என்றேன்.